என்னை மேற்கோள் காட்டியவர்கள்

எங்கள் கல்லூரி அலுவலகத்திலிருந்து பதவி உயர்வுக்கான சுற்றறிக்கை வந்த அன்று நான் ஆய்வகத்தில் மண் சலித்துக்கொண்டிருந்தேன். முடியில், புருவத்தில், செருப்புக்குள் எல்லாம் மண். கையை உதறிவிட்டு வாங்கிப் படித்தேன். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, இரண்டாம் பக்கத்தைத் திருப்பும்வரை. இதுவரை எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, அவற்றை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற விவரத்தைச் சான்றுடன் இணைக்க வேண்டுமாம்.

மேற்கோள் என்பது பெரிய விஷயமில்லை. ஒருவர் கட்டுரை எழுதும்போது, இதை முதலில் கண்டு சொன்னது நானில்லை, இன்னார் என்று பெயர் போடுவது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவதைப் போலத்தான். யார் பெயர் விட்டுப்போனாலும் மனஸ்தாபம் வரும். யாருடைய பெயர் எத்தனை பத்திரிகையில் வந்திருக்கிறது என்பதை இப்போது கணினியே எண்ணி ஆளாளுக்கு மதிப்பெண் போட்டுவிடுகிறது. பக்கத்து அறையில் இருக்கும் சக ஆசிரியர் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்கிறவர். அவருடைய எண்ணைப் பார்த்தால் தொலைபேசி எண் மாதிரி இருக்கும். நல்ல மனிதர், அதைப் பற்றி அவராக ஒரு வார்த்தை பேசமாட்டார். என்னுடையது ஒற்றை இலக்கத்தைத் தாண்டவே திணறிக்கொண்டிருந்தது.

நான் செய்தது உப்பு மண் ஆராய்ச்சி. பாண்டிச்சேரியில் முதலியார்பேட்டையைத் தாண்டிக் கடலூர் சாலையில் போனால், கடலுக்கும் சாலைக்கும் நடுவே தாழ்வான வயல்கள் இருக்கின்றன. புயல் வரும் வருடங்களில் கடல் நீர் ஓடை வழியாக ஏறி அந்த வயல்களுக்குள் வந்துவிடும். அப்புறம் நெல் நட்டால் கருகும். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிய விடுவார்கள். எத்தனை மழைக்கு அப்படிச் செய்வது, எப்போது நடலாம் என்பதுதான் தெரியாது. மண்ணை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் நாற்று முற்றிப்போகும்.

அங்கே ஒரு நிலத்துக்காரம்மா, என்னைவிட நாலைந்து வயது சின்னவள், என்னிடம் நேராகவே கேட்டாள்.

"மேடம், நீங்க மிஷின வெச்சி சொல்றதெல்லாம் சரி. எங்க ஊட்டுல மிஷின் கெடையாது. கண்ணால பாத்து தெரிஞ்சிக்கிற மாதிரி எதுனா சொல்லுங்களேன்."

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பச்சைப்பயறு உப்பைத் தாங்காது, நெல்லைவிடக் கோழை. அப்படியானால் வயலின் மண்ணைத் தேங்காய் ஓட்டில் நிரப்பி, அதில் பச்சைப்பயறு ஊன்றிப் பார்த்தால் என்ன? பயறு ஒழுங்காக முளைத்து இலை விட்டுவிட்டால் நெல்லுக்குப் பயமில்லை. அவளுடைய வயலிலும் சுற்றுப்பட்ட வயல்களிலும் சில பருவங்கள் செய்து பார்த்தேன். ஓடு சொன்னதையும் ஆய்வகக் கருவி சொன்னதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். இரண்டும் ஒத்துப்போயின. அதைப் பார்த்த அன்று பரிசோதனை மேசையைச் சுற்றி நான் ஒரு ஆட்டமே ஆடினேன். ஆய்வகத்தில் யாரும் இல்லை என்பதால் தப்பித்தேன்.

கட்டுரை எழுதினேன். பெரிய இதழ்கள் திருப்பி அனுப்பின. ஓர் இதழ் "மிகவும் எளிமையாக இருக்கிறது" என்று காரணம் சொன்னது. எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை பாடுபட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது. கடைசியில் ஒரு சிறிய இதழில் வந்தது. வந்ததோடு சரி. கிணற்றில் போட்ட கல்.

சுற்றறிக்கை வந்த அன்று மாலை முத்தியால்பேட்டை வீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலையிலிருந்து வந்த என் கணவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தார். அவர் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர்.

"ஏன் மூஞ்ச இப்புடி வெச்சிகினு இருக்க?"

"என் பேரைப் போட்டுத் தேடினா இவ்ளோதான் வருது. இத எடுத்துகினு எப்படி இன்டர்வியூக்குப் போறது?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எந்தப் பேரு?"

"இன்னா கேள்வி இது? என் பேருதான்."

"அதில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி உங்க அப்பா இனிஷியல் போட்ட. அப்பறம் என் இனிஷியல் போட்ட. பாஸ்போர்ட்ல உங்கப்பா பேர முழுசா போட்டுருக்கு. கம்ப்யூட்டருக்கு மூணும் ஒரே ஆளுனு எப்படித் தெரியும்?" என்றார். "எங்க கம்பெனியில ஆடிட் வந்தப்ப ஒரு போல்ட்டு மூணு கோட் நம்பர்ல இருந்துச்சி. ஒரு கோட்ல ஸ்டாக்கே இல்லனு காட்டுது. ரேக்ல போயி பாத்தா மூட்டை மூட்டையா கெடக்குது."

நான் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தந்தையின் இனிஷியலைப் போட்டுத் தேடினோம். மாணவியாக இருந்தபோது எழுதிய சில கட்டுரைகள் தனியாக ஒரு மூலையில் கிடந்தன, சில மேற்கோள்களோடு. பிறகு தேங்காய் ஓட்டுக் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சிறிய இதழ்க்காரர்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி பெயரைக் கேட்டு வாங்கி, என் அப்பாவின் பெயரை முழுதாக அச்சிட்டிருந்தார்கள். வெளிநாட்டு வழக்கப்படி கடைசியில் இருப்பதுதானே குடும்பப் பெயர்? என் பெயரை ஒரே எழுத்தாகச் சுருக்கிவிட்டு, அப்பாவின் பெயரைப் போட்டுத் தேடினார் என் கணவர்.

திரையில் பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"நிக்க மாட்டுதே," என்றார் அவர்.

அத்தனையும் அந்த ஒரு கட்டுரைக்கு வந்த மேற்கோள்கள். பாதிக்கு மேல் பிரெஞ்சு மொழியில். பெரும்பாலானவை செனகல் நாட்டிலிருந்து. அங்கேயும் கடல் நீர் வயலுக்குள் வருகிறது என்பது கட்டுரைகளில் இருந்த படங்களிலிருந்தே தெரிந்தது. என் அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்ணைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே கருத்து, மழைக்காலத்தில் அது சக்கரத்தில் ஒட்டக்கூடாது என்பதுதான். அவர் ஆப்பிரிக்காவில் இவ்வளவு பெரிய மண் விஞ்ஞானியாக இருந்திருக்கிறார். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"அப்பா, செனகல்னு ஒரு நாடு. அங்க உங்க பேரு ரொம்பப் பிரபலமா இருக்கு."

"நா இன்னாம்மா பண்ணேன்?" என்றார் அப்பா பதறிப்போய்.

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அவருக்கு விளக்கிச் சொல்லவே வெகுநேரம் ஆயிற்று. அன்று இரவுச் சாப்பாட்டைக் கடையில் வாங்கிக்கொண்டோம். அடுப்பு பற்ற வைக்கும் நிலையில் யாரும் இல்லை.

மறுநாள் அந்தப் பிரெஞ்சுக் கட்டுரைகளில் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு எதிர் வீட்டு அக்காவிடம் போனேன். பாண்டிச்சேரியில் பிறந்து வளர்ந்தும் எனக்குப் பிரெஞ்சில் வணக்கத்தைத் தாண்டி எதுவும் வராது. அந்த அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பாரிஸை ஒட்டிய ஊரில் பல வருடங்கள் இருந்துவிட்டு, பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு முத்தியால்பேட்டைக்குத் திரும்பி வந்தவர்கள். எங்கள் தெருவில் யாருக்குப் பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தாலும் அது அக்காவின் சாப்பாட்டு மேசைக்குத்தான் முதலில் போகும்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் படித்தார். முகம் சுருங்கியது.

"ஏம்மா, தரை முழுக்க உப்பா இருக்குதுனு எழுதியிருக்காங்க. யாரு தரையில உப்பக் கொட்டுனது?"

"தரையா?"

"சோல்னா தரைதானே? வீட்டுத் தரை. அப்பறம் பாரு, அந்தத் தரைய தொவைக்கறாங்களாம். லெஸிவாஜ்னு போட்டுருக்கு. லெஸிவ்னா துணி தொவைக்கறது. நல்லா தொவைச்சிட்டு, டப்பாவுல பீன்ஸ் போடணுமாம்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீ காலேஜ்ல இதாம்மா பண்ணிகினு இருக்க?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தரை என்றால் மண். துவைப்பது என்றால் மழைநீரால் உப்பைக் கழுவுவது. டப்பாவில் பீன்ஸ் என்றால், அது என் தேங்காய் ஓடு. பிரெஞ்சு விஞ்ஞானிகள் மண்ணைக் கழுவுவதற்கு நிஜமாகவே துவைக்கும் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அக்கா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அந்தக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப ஒரே பெண்ணின் பெயர் வந்தது. அக்காவின் உதவியோடு அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நீங்கள் மேற்கோள் காட்டும் பேருந்து ஓட்டுநர் என் தகப்பனார், கட்டுரை எழுதியது அவர் மகள் என்று ஆரம்பித்தேன். பதில் உடனே வந்தது. ஒரு வரி முழுக்க ஆச்சரியக்குறிகள். சென்னைக்கு ஒரு கருத்தரங்குக்காக வரப்போவதாகவும், அப்படியே பாண்டிச்சேரிக்கு வந்து அந்த வயலைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

வந்தார். நல்ல உயரம், மஞ்சளும் நீலமுமாகத் தலையில் துணி. எங்கள் தெருவில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது மளிகைக் கடைக்காரர் முதல் இஸ்திரி போடுகிறவர் வரை எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வணக்கத்தை நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர், தலையில் துப்பட்டா போட்டு நின்ற அக்காவைப் பார்த்து "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். அக்கா "வ அலைக்கும் ஸலாம்" என்றார். அவ்வளவுதான், அதன்பின் பிரெஞ்சு வெள்ளமாகப் பாய்ந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குள் போனார்கள். நான் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இன்னாக்கா சொல்றாங்க?" என்று நடுவில் கேட்டேன்.

"இரும்மா. பாரிஸ்ல எங்க பில்டிங்ல மூணாவது மாடியில செனகல்காரங்க இருந்தாங்க. மீன் போட்டு ஒரு சோறு ஆக்குவாங்க, தெருவே மணக்கும். அதுக்குப் புளி எவ்ளோ ஊத்தணும்னு கேட்டுகினு இருக்கேன்."

மண்ணைப் பற்றிப் பேச்சு வருவதற்கு மதியமாகிவிட்டது. செனகல் பெண் தன் கைப்பேசியில் படங்களைக் காட்டினார். கடலோரத்துத் தாழ்வான நெல் வயல்கள். முழங்கால் வரை துணியைத் தூக்கிச் செருகிய பெண்கள். அங்கே நெல் விவசாயம் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் என்றார். வரப்பில் வரிசையாக, காலியான தக்காளி விழுது டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் பச்சையாகத் துளிர். சில டப்பாக்களில் துளிர் இல்லை. அந்த வயல்கள் இன்னொரு மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

ஒரு படத்தில் வயதான பெண் ஒருவர் டப்பாவைக் காமிராவுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். செனகல் பெண் அதைக் காட்டி ஏதோ சொன்னார். அக்கா மொழிபெயர்க்காமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சொல்லுங்கக்கா!"

"அந்த டப்பாவுக்கு அவங்க ஊர்ல பேரே பாண்டிச்சேரியாம்மா. மழை பெஞ்சதும், 'பாண்டிச்சேரி வெச்சிட்டியா, உன் பாண்டிச்சேரி மொளச்சிடுச்சா'னுதான் கேப்பாங்களாம். இவங்க மொதல்ல போயி சொல்லிக் குடுக்கும்போது, இது பாண்டிச்சேரிலேர்ந்து வந்த முறைனு சொன்னாங்களாம். அதையே பிடிச்சிகிட்டாங்க."

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொன்னேன். அங்கே குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்தபோது மூவருமே கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பால் வந்த கண்ணீர் என்று பாவனை செய்தோம்.

மறுநாள் காலை நிலத்துக்காரம்மாவின் வயலுக்குப் போனோம். அவள் இப்போது நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். விதைப்பும் அறுப்பும் வரும்போது கடையில் விடுப்பு சொல்லிவிடுவாள். எங்களுக்காக அன்று அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள். வரப்பில் நாங்கள் உட்காருவதற்குப் பாய் கொண்டுவந்து விரித்திருந்தாள். செனகல் பெண் பாயைத் தாண்டி நேராக வயலுக்குள் இறங்கி, ஒரு கை மண்ணை எடுத்துப் பிசைந்து, உதிர்த்து, முகர்ந்து பார்த்தார். நிலத்துக்காரம்மா அதை உற்றுக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இவங்க ஊர்லயும் கடத்தண்ணி உள்ள வருதா?"

"வருதாம்."

"அப்ப நம்ம ஜனங்கதான்," என்றாள். அவளும் இறங்கிவிட்டாள்.

பிறகு ஒரு வாக்குவாதம் நடந்தது. டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தங்கி விதை அழுகிவிடும் என்றார் செனகல் பெண். ஓட்டையே போட வேண்டாம், தேங்காய் ஓட்டில்தான் கண் இருக்கிறதே, அதைக் குத்திவிட்டால் போதும் என்றாள் நிலத்துக்காரம்மா. அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் அங்குமிங்கும் நடந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். ஒரு கட்டத்தில் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. நிலத்துக்காரம்மா ஓடிப்போய் ஒரு தேங்காய் ஓட்டைக் கொண்டுவந்து அதன் கண்ணைக் காட்டினாள். செனகல் பெண் அதன் வழியாக வானத்தைப் பார்த்தார். தலையை ஆட்டி, தமிழில் அன்று காலை கற்றுக்கொண்ட ஒரே சொல்லைச் சொன்னார்.

"சரி."

நிலத்துக்காரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒத்துகினாங்க பாத்தீங்களா!" என்று என் தோளில் ஓங்கி அடித்தாள். மதியம் அவள் வீட்டு மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, செனகல் பெண் அதற்கும் செய்முறை கேட்டார். அக்கா அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார்.

இதெல்லாம் நடந்து சில வாரங்களில் நேர்காணல் வந்தது. மூன்று பெயர்களையும் ஒன்றாக்கி, மூன்றும் நானே என்று சான்று வாங்கிப் புதிய பட்டியலை இணைத்திருந்தேன். தேர்வுக் குழுவில் ஐந்தாறு பேர். நடுவில் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "உங்கள் ஆராய்ச்சியின் தாக்கம் என்று எதைச் சொல்வீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தயாரித்து வைத்திருந்த பதில் இருந்தது. ஆனால் வாய் தானாகத் தக்காளி டப்பா கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. தரையைத் துவைத்ததையும் விடவில்லை.

ஓரத்தில் இருந்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்த டப்பா எந்த டேட்டாபேஸ்ல வரும்மா?" என்று தமிழுக்கு மாறினார்.

"எதுலயும் வராது சார்," என்றேன். "வர்ற கணக்கு ரெண்டாம் பக்கத்துல இருக்கு."

அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பச்சைப்பயறுக்குப் பதில் கொள்ளு போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. செய்து பார்க்கிறேன் என்றேன். அந்தக் கேள்வியிலேயே மீதி நேரம் போய்விட்டது. வெளியே வந்தபோது பதவி கிடைக்குமா கிடைக்காதா என்பதைவிட, கொள்ளு வாங்க எந்தக் கடைக்குப் போவது என்பதுதான் மனதில் ஓடியது.

பதவி கிடைத்தது. பக்கத்து அறைக்காரர் இனிப்புப் பெட்டியோடு முதல் ஆளாக வந்து நின்றார். என் கணவர் தன் கம்பெனி முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். கேட்டவர்களிடமெல்லாம், எல்லாம் ஸ்டாக் சரி பார்த்ததால் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அப்பா மட்டும், "இனிமே அந்த ஊர்க்காரங்க என் பேரப் போடமாட்டாங்களா?" என்று கொஞ்சம் வருத்தமாகக் கேட்டார்.

செனகல் பெண்ணும் நானும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம். இரு கடற்கரைகளில் ஒரே சோதனை என்று தலைப்பு. வாரம் ஒருமுறை காணொளியில் பேசுவோம், நடுவில் அக்கா உட்கார்ந்திருப்பார். யார் பெயர் முதலில் வருவது என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. உங்கள் பெயர்தான் முதலில் என்று இருவரும் பிடிவாதம் பிடித்தோம். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "மொதல்ல எழுதி முடிங்கம்மா ரெண்டு பேரும், அடுப்புல பாலு வெச்சிட்டு வந்திருக்கேன்," என்று அதையும் இரண்டு மொழியிலும் சொன்னார். அகர வரிசைப்படி போடலாம் என்று முடிவு செய்தோம்.

கட்டுரை வெளியான அன்று அச்செடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில் நிலத்துக்காரம்மாவின் பெயரும், செனகல் கிராமத்துப் பெண்களின் பெயர்களும், அக்காவின் பெயரும் இருந்தன. அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை விரலால் தடவிப் படித்தார். எழுத்துக்கூட்டி இன்னொரு முறை படித்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, பாரிஸில் இருக்கும் பெரிய மகனைக் கூப்பிட்டார். அவன் வேலையில் இருந்தான் போலிருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொன்னது எனக்கே கேட்டது.

"அப்பறமாவது கிப்பறமாவது, நீ இப்பவே கேளு," என்றார் அக்கா. "உங்கம்மா பேரு சயின்ஸ் புஸ்தகத்துல வந்திருக்குடா. எட்டாம் பக்கம். கீழேர்ந்து மூணாவது வரி. ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டு."

கைப்பேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"உக்காரு, டீ போடறேன். அடுத்தது எப்ப எழுதப் போறோம்?"